வார்ட்டிலிருந்து ஒழுங்குமுறைச் சபை வரை: திருகோணமலை நோயாளருக்கும் குடிமக்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் அலைபவர்கள், அவர்களோடு துணைக்குப் போகிறவர்கள், ஊர்ச் சங்கங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சுகாதார சேவையை மேற்பார்வை செய்யும் அமைப்புகளிடம் நோயாளரின் வார்த்தையைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இடறுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது அதிகாரம் இல்லாத மேசைக்குப் போகும், அல்லது நாள் கடந்து போகும், அல்லது ஒரு தாள்கூட இணைக்கப்படாமல் போகும். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தயார்செய்கிறது.

தொடங்க முன் வேண்டியவை

ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்று, கோப்பு ஒன்று, நோயாளரின் அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மருந்துத் துண்டுகள், பில்கள். இவை எல்லாவற்றையும் இரண்டு போட்டோ கொப்பி எடுங்கள். மூலப்பிரதி எப்போதும் நோயாளரின் வீட்டில்தான் இருக்கவேண்டும். "ஒரிஜினலைத் தாருங்கள், பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று யார் கேட்டாலும் பிரதியை மட்டும் கொடுங்கள். கிளினிக் கொப்பி தொலைந்தால் முறைப்பாடு மட்டுமல்ல, அடுத்த மாத மருந்தும் சிக்கலாகிவிடும்.

நீங்கள் நோயாளர் இல்லை, அவருக்காகப் பேசுகிறீர்கள் என்றால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "எனது மருத்துவ விபரங்களை இன்ன நோக்கத்துக்காகப் பயன்படுத்த இன்னாருக்கு அனுமதிக்கிறேன்" என்ற ஒரு வரி, கையொப்பம், திகதி இருந்தால் போதும். இது இல்லாமல் பின்னால் தகவல் கேட்கவே முடியாது. காரணத்தை 6ஆம் பகுதியில் பார்ப்போம்.

1. உங்களுக்கு என்ன கிடைக்கவேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

நட்டஈடா, ஒருவரின் நடத்தை பற்றிய விசாரணையா, அல்லது இனிமேல் யாருக்கும் இப்படி நடக்காதபடி முறையை மாற்றுவதா? மூன்றும் மூன்று பாதைகள்.

நட்டஈடு நீதிமன்றத்தின் வேலை. கவனக்குறைவால் ஏற்பட்ட பாதிப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட 2 வருடக் கால எல்லை உண்டு. டொக்டர், தாதியர் போன்றோரைப் பதிவு செய்து மேற்பார்க்கும் ஒழுங்குபடுத்தும் சபை ஒருவரின் பதிவை இடைநிறுத்தலாம், நீக்கலாம். காசு வாங்கித் தராது. இதை முதலிலேயே குடும்பத்துக்குச் சொல்லுங்கள். சபைக்கு எழுதிவிட்டு நட்டஈட்டுக்காகக் காத்திருந்து இரண்டு வருடத்தையும் கடத்திய குடும்பங்கள் உண்டு.

ஒருவரின் நடத்தை பற்றியது என்றால் பெயர், நேரம், நடந்தது என்று குறிப்பாக இருக்கவேண்டும். முறையை மாற்றுவது என்றால் ஒரு ஆளின் அனுபவம் தொடக்கம் மட்டுமே; அதே விஷயம் வேறு பலருக்கும் நடந்ததா என்று தேடவேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி மூன்றாவது பாதை பற்றியது. அதில்தான் குடிமக்களுக்கு உண்மையான இடம் இருக்கிறது. ஆனால் அங்கு வந்துசேருபவர்கள் குறைவு.

2. நாள் கணக்கை உடனே பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகச் செய்யலாம், இதை முடியாது.

அரச வைத்தியசாலையில் நடந்த ஒன்று பாரபட்சம் அல்லது அடிப்படை உரிமை மீறல் என்று நீங்கள் கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவிடமிருந்து ஏதாவது எழுத்து உங்கள் கையில் இருக்கவேண்டும். அடுத்தது, இது அரச நிர்வாகச் செயல்களுக்கு மட்டும். தனியார் ஆஸ்பத்திரிக்கு இந்த வழி பொருந்தாது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. ஆகவே உங்கள் முறைப்பாடு பெரும்பாலும் சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரையைச் சுற்றித்தான் வரும். அதாவது, "எனக்குச் சிகிச்சை சரியாக நடக்கவில்லை" என்பதோடு நிற்காமல், மற்றவரிலிருந்து நீங்கள் எப்படி வேறாக நடத்தப்பட்டீர்கள் என்பதைச் சொல்லவேண்டும்.

புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, வைத்தியசாலையின் பதில் வரட்டும் என்று இருந்துவிடுவது. பதில் ஆறாவது வாரம் வரும். வழி நான்காவது வாரமே அடைபட்டிருக்கும். உரிமை மீறல் என்று நினைத்தால் முதல் வாரத்திலேயே ஆணைக்குழு அலுவலகத்துக்கோ சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கோ போய்விடுங்கள்.

3. நடந்ததை அன்றே எழுதுங்கள்

திகதி, நேரம், வார்ட் இலக்கம், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன கேட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார். ஊகத்தை எழுதாதீர்கள். "மருந்தை வேண்டுமென்றே ஒளித்துவைத்தார்கள்" என்பது ஊகம். "காலை 9.40க்கு பார்மசியில் இந்த மருந்து இல்லை என்றார்கள், துண்டில் ஓ.எஸ். (கையிருப்பில் இல்லை) என்று எழுதித் தந்தார்கள், அன்று மாலை வெளியில் காசு கொடுத்து வாங்கினேன், பில் இருக்கிறது" என்பது ஆதாரம். முதல் வகை வரி ஒன்று கடிதத்தில் இருந்தாலும் பதில் எழுதுபவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மறுத்துவிடுவார். மற்ற எல்லாம் பேசப்படாமலே போய்விடும்.

மருந்தில் சந்தேகம் என்றால் போத்தலையோ மாத்திரைப் பட்டையையோ எறியாதீர்கள். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அதில்தான் இருக்கிறது. அந்த இலக்கம் இல்லாமல் எந்த அதிகாரியாலும் அந்த மருந்தைத் தேடிப் பிடிக்க முடியாது. மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் இருந்தது என்றால் குளிர்ப்பெட்டியிலேயே, வெளியில் இருந்தது என்றால் வெளியிலேயே வைத்திருங்கள்.

வார்ட்டுக்குள் படம் எடுக்கவேண்டாம். மற்ற நோயாளர் அதில் விழுவார்கள். எடுத்த படத்தை முகநூலில் போடுவது இன்னும் மோசம். போட்ட அன்று ஆதரவு வரும். அதற்குப் பிறகு விஷயம் "படம் எடுத்தது யார்" என்று மாறிவிடும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நினைவில் இருக்கட்டும்.

4. யாருடைய கையில் அதிகாரம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லோரும் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகப் போவோம்.

முதல் கேள்வி: அரசா, தனியாரா?

அரசு என்றால் அடுத்த கேள்வி: மத்திய சுகாதார அமைச்சா, கிழக்கு மாகாண சபையா? பெயர்ப்பலகையிலோ கடிதத் தலைப்பிலோ இது தெரியும். தெரியாவிட்டால் அலுவலகத்தில் நேரே கேளுங்கள். மாகாணத்தின் கீழ் என்றால் ஏணி இப்படிப் போகும்: வைத்தியசாலைப் பொறுப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர். மத்திய அமைச்சு என்றால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்குப் பிறகு கொழும்பில் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். ஏணியில் ஒரு படியைத் தாண்டி மேலே எழுதினால், பெரும்பாலும் அந்தக் கடிதம் நீங்கள் தாண்டிய படிக்கே "அறிக்கை தருக" என்று திரும்பி வரும். வாரங்கள்தான் வீணாகும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகமும் மாகாணப் பணிப்பாளர் அலுவலகமும் இரண்டுமே திருகோணமலையில்தான். மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் மாகாண அலுவலகத்துக்கு என்றே பஸ் ஏறி வரவேண்டும். நம்மால் கடிதத்தை நேரே கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்க முடியும். இந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு டொக்டரின் தொழில் நடத்தை என்றால் இலங்கை மருத்துவ சபை. அவர் அரச ஆஸ்பத்திரியில் இருந்தாலும் தனியாரில் இருந்தாலும் இதுதான் இடம். எழுத முன் அவர் பதிவு பெற்றவரா என்று சபையின் பதிவேட்டில் பாருங்கள்; இணையத்தில் தேடலாம். பெயர் இல்லை என்றால் விஷயமே வேறு: அது போலி வைத்தியர் பற்றிய முறைப்பாடு. அதைப் பொலிஸிலும் சொல்லவேண்டும். தாதியருக்குத் தனியான பேரவை உண்டு, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழான ஆயுர்வேத மருத்துவ சபை. நம் மாவட்டத்தில் சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் ஏராளம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவமே படிப்பிக்கிறார்கள். ஆனாலும் நாட்டு வைத்தியம் என்றால் கேட்க ஆளில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சபை இருக்கிறது, எழுதலாம்.

தனியார் ஆஸ்பத்திரி, மெடிக்கல் சென்டர், இரத்தப் பரிசோதனை நிலையம் என்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவை. இந்த நிறுவனங்கள் வருடாவருடம் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அந்த வேலை மாகாணப் பணிப்பாளர் அலுவலகம் வழியாக நடக்கிறது. இந்த ஒரு செய்தி உங்கள் கையில் நல்ல கருவி. சேவை பற்றிய முறைப்பாடு எழுதுவதற்கு முன்னரே "இந்த வருடம் பதிவு புதுப்பிக்கப்பட்டதா" என்று மாகாண அலுவலகத்தில் கேட்கலாம்.

மருந்தின் தரம், பதிவு, பார்மசி அனுமதி என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. உள்ளூரில் இதன் கண்ணாக இருப்பவர் பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகத்தின் உணவு, மருந்துப் பரிசோதகர். பார்மசி பற்றிய விஷயம் என்றால் கொழும்புக்கு எழுதும் அன்றே அவரிடமும் சொல்லுங்கள். கடைக்கு நேரில் போகக்கூடியவர் அவர்தான். அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். கேட்டால் பில் தரவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஒரே கடிதத்தை எட்டு இடத்துக்குப் பிரதி போட்டு அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். ஜனாதிபதி, ஆளுநர், அமைச்சர், எம்.பி. என்று அடியில் பெரிய பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் இருப்பார்கள். அதிகாரம் உள்ள ஒருவருக்கு எழுதுங்கள், அவருக்கு மேலுள்ள ஒருவருக்குப் பிரதி வையுங்கள். அவ்வளவும் போதும்.

5. முதல் கடிதம் வைத்தியசாலைக்கு

மாவட்டப் பொது வைத்தியசாலையில் பணிப்பாளர், ஆதார வைத்தியசாலையில் வைத்திய அத்தியட்சகர், பிரதேச வைத்தியசாலையில் பொறுப்பு வைத்திய அதிகாரி. பதவிக்கு எழுதுங்கள், பெயருக்கு எழுதவேண்டாம். இடமாற்றம் வந்தாலும் கடிதம் கோப்பில் இருக்கும்.

ஒரு பக்கம் போதும். நடந்தது நான்கு ஐந்து வரி, இணைத்த தாள்களின் பட்டியல், கேட்பது ஒன்று. கடைசி வரி இப்படி இருக்கலாம்: "இது தொடர்பாக எடுத்த நடவடிக்கையை 21 நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." பதிலுக்கு இத்தனை நாள் என்று குறிப்பிடாத கடிதத்துக்குப் பதில் தாமதமானது என்று பின்னால் சொல்ல முடியாது. பதிவுத் தபால் சீட்டையோ முத்திரை குத்திய பிரதியையோ கோப்பில் ஒட்டுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. கொழும்பு அலுவலகத்துக்கும் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதைத் திருப்பி அனுப்பி தமிழ்ப் பிரதி கேளுங்கள். தொடர்ந்து அப்படியே நடந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இந்தப் படியில் எல்லோருக்கும் வரும் பயம் ஒன்று: "நாளைக்கும் அங்கேதானே போகவேணும்." இந்தப் பயம் நியாயமானது. டயலிசிஸுக்கோ இன்சுலினுக்கோ போகிறவருக்கு வேறு இடம் கிடையாது. அப்படியானவரைத் தனியே கையொப்பம் வைக்கச் சொல்லாதீர்கள். 7ஆம் படியில் சொல்லும் குழுவின் பெயரில் கடிதம் போகட்டும். கடிதத்தின் தொனியையும் பாருங்கள். ஆளைத் தண்டிக்கக் கேட்கும் கடிதம் வார்ட் முழுவதையும் எதிர்ப்பக்கம் நிறுத்திவிடும். குறையைத் திருத்தக் கேட்கும் கடிதத்துக்கு உள்ளே இருக்கும் மிஸ்மாரே ஆதரவு தருவார்கள். ஆள் குறைவாலும் மருந்து இல்லாததாலும் அவர்களும்தான் கஷ்டப்படுகிறார்கள்.

6. தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள்

என் அபிப்பிராயத்தில், குடிமக்கள் கையில் இருக்கும் ஆகக் கூரான கருவி இதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நோயாளரின் கதையை ஒரு மாவட்டத்தின் கணக்காக மாற்றுவது இந்த விண்ணப்பம்தான்.

வைத்தியசாலைக்கு எழுதிய பிறகு இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் கடிதத்துக்கு வந்த பதிலோ, வராத பதிலோ, எதைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்குக் காட்டும். "அந்த மாதம் மருந்து எல்லா இடத்திலும் தட்டுப்பாடு" என்று பதில் வந்தால், அந்த மாதக் கையிருப்புப் பதிவைக் கேட்கலாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்கு மட்டும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பப் படிவம் ஆர்.டி.ஐ. 01 (ஆர்.டி.ஐ. என்பது தகவல் அறியும் உரிமையின் ஆங்கிலச் சுருக்கம்). விண்ணப்பத்தை ஏற்கும் தகவல் உத்தியோகத்தரின் விபரத்தை ஒவ்வொரு அலுவலகமும் கண்ணில் படும் இடத்தில் போட்டிருக்கவேண்டும். ஒருவரையும் நியமிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரே தகவல் உத்தியோகத்தராகக் கருதப்படுவார். ஆகவே "எங்களுக்கு அப்படி ஆள் இல்லை" என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்ளவேண்டியதும் அலுவலகத்தின் கடமை.

தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட அவசரத் தகவல் என்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலோ பதில் இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) ஆர்.டி.ஐ. 10 படிவத்தில் மேன்முறையீடு. அவர் 3 வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் முதல் மௌனத்தோடு விட்டுவிடுகிறார்கள். மேன்முறையீட்டைத் தாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் தாள் கிடைக்கிறது.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "ஏன் மருந்து இல்லை?" என்பது தகவல் கேள்வி அல்ல, அது விளக்கம் கேட்பது. ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும் பதிவைக் கேளுங்கள்:

"கடந்த ஜனவரி முதல் ஜூன் வரை இந்த வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில் மெட்ஃபோமின், இன்சுலின் ஆகியவற்றின் கையிருப்பு பூச்சியமாக இருந்த திகதிகள்."

"இதே காலத்தில் நோயாளரிடமிருந்து எழுத்தில் கிடைத்த முறைப்பாடுகளின் எண்ணிக்கையும், அவற்றில் முடிவெடுக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையும்."

"திருகோணமலை மாவட்டத்தில் இந்த வருடத்துக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்ட தனியார் மருத்துவ நிறுவனங்களின் பட்டியல்."

மூன்றாவதை மாகாணப் பணிப்பாளர் அலுவலகத்தில் கேட்கவேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இரண்டு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். இருபது கேள்வி போட்டால் ஒன்றைக் காரணம் காட்டி முழுவதையும் இழுத்தடிப்பார்கள்.

இன்னொருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் தரக்கூடாது என்று இந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல விதி அது. தொடக்கத்தில் வாங்கிய சம்மதக் கடிதத்தின் பிரதியை விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டால், வார்ட் டிக்கெட்டின் (வார்ட்டில் சிகிச்சை விபரம் எழுதும் தாள்) பிரதியைக்கூடக் கேட்கலாம்.

7. குழுவாகச் சேருங்கள்

இதை ஏன் ஏழாவதாக வைத்தேன் என்று கேட்கலாம். முதலில் சங்கம், தலைவர், பொருளாளர், கடிதத் தலைப்பு என்று தொடங்குபவர்கள் அதிலேயே களைத்துப்போகிறார்கள். கையில் ஒரு கோப்பும் ஒரு தகவல் பதிலும் இருந்தால் ஆட்கள் தானாகச் சேருவார்கள். பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கும்.

ஐந்து ஏழு பேர் போதும். அதில் மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் நோயாளர் இருவராவது, பெண்கள், முடிந்தால் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கட்டும். கணினியில் தமிழ் அடிக்கத் தெரிந்த இளம் ஆள் ஒருவர் பெரிய உதவி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைக் குடிமக்கள் என்றால், பதிவு செய்யாத குழுவும் தன் பெயரில் தகவல் கேட்கலாம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே வார்ட்டில்தான் படுக்கிறார்கள். மூதூரில் இல்லாத மருந்து கந்தளாயிலும் இல்லாமல் இருக்கலாம். கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பெயர்கள் ஒரே கடிதத்தில் வந்தால், "இது அந்த ஆட்களின் பிரச்சினை" என்று ஒருவராலும் தள்ளிவைக்க முடியாது. அப்படியான கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்துத் தயாரியுங்கள்.

8. ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு முறைப்பாடு

இப்போது உங்களிடம் கோப்பு, வைத்தியசாலையின் பதில், தகவல் விண்ணப்பத்தின் பதில் மூன்றும் இருக்கின்றன. இவை இல்லாமல் போவதற்கும் இவற்றோடு போவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் பதிலிலேயே பார்ப்பீர்கள்.

இலங்கை மருத்துவ சபைக்கு என்றால் சாதாரணக் கடிதம் போதாது, சத்தியக்கடதாசி வேண்டும். சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடலாம். நீங்கள் கண்டது, கேட்டது, செய்தது மட்டும் பந்தி இலக்கத்தோடு அதில் இருக்கவேண்டும். இணைப்புகளுக்கு அ, ஆ, இ என்று அடையாளம் போட்டு உரிய பந்தியில் குறிப்பிடுங்கள். முறைப்பாடு முதலில் பூர்வாங்கக் குழுவுக்குப் போகும். அங்கு விஷயம் இருக்கிறது என்று கண்டால்தான் தொழில் நடத்தைக் குழுவுக்கு வரும். முதல் குழு தாள்களை வைத்தே பார்ப்பதால், "நேரில் வந்தால் சொல்லுவேன்" என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

தனியார் நிறுவனம் பற்றிப் பேரவைக்கு எழுதினால், நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் உள்ள முழுப் பெயர், முகவரி, பில் இலக்கம் மூன்றும் அவசியம். மருந்து பற்றி என்றால் மருந்தின் பெயர், உற்பத்தியாளர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வாங்கிய இடம், நோயாளருக்கு நடந்தது. அரச ஆஸ்பத்திரி மருந்து என்றால் அங்குள்ள மருந்தாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவுக்குத் தகவல் போகும் பாதை அது. ஒரு தொகுதியை அரச ஆஸ்பத்திரிகளில் நிறுத்திவைக்கும் அறிவித்தல் அங்கிருந்து வரும்.

9. முடிவெடுக்கும் மேசையில் இடம் கேளுங்கள்

முறைப்பாடு முடிந்த விஷயத்தைப் பற்றியது. குழுவில் உட்காருவது வரப்போகும் விஷயத்தைப் பற்றியது.

பல வைத்தியசாலைகளில் அபிவிருத்திக் குழு இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள், வர்த்தகர்கள், நன்கொடை தருபவர்கள் அதில் இருப்பார்கள். அவர்கள் செய்வது நல்ல வேலைதான்: மின்விசிறி வாங்குவார்கள், மதில் கட்டுவார்கள். ஆனால் காத்திருக்கும் நேரம் பற்றியோ முறைப்பாடுகள் பற்றியோ அங்கு பேச்சு வருவது அபூர்வம். ஏனென்றால் மாதாமாதம் வரிசையில் நிற்பவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆகவே பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: கிளினிக் நோயாளர் ஒருவருக்குக் குழுவில் இடம், ஒவ்வொரு கூட்டத்திலும் "இந்த மாதம் வந்த முறைப்பாடுகளும் தீர்வும்" என்று நிகழ்ச்சிநிரலில் நிரந்தரமாக ஒரு விடயம்.

இடம் கிடைத்தால் முதல் இரண்டு கூட்டத்தில் அதிகம் பேசவேண்டாம். முந்தைய கூட்டக் குறிப்புகளை வாசியுங்கள். எது தீர்மானமாகி நடக்காமல் கிடக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது கூட்டத்தில் அதையே கேளுங்கள். அது அவர்களே எடுத்த தீர்மானம் என்பதால் யாராலும் மறுக்க முடியாது.

பெரிய விஷயங்களுக்குப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கின்றன. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் ஒன்றாக இருக்கும் இடம். உங்கள் விடயம் நிகழ்ச்சிநிரலில் வரவேண்டும் என்றால் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னரே பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ எழுத்தில் கொடுங்கள். பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கும் போகலாம். அதற்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மனுவைச் சமர்ப்பிக்கவேண்டும். 4ஆம் படியில் சொன்ன ஏணியில் எல்லாப் படியும் ஏறி முடித்த பிறகுதான் இதைத் தொடுங்கள்.

10. பதில் வந்த பிறகு

பதிலை வாசித்து மூன்று கேள்வி கேளுங்கள்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, திகதி இருக்கிறதா, பொறுப்பான பதவி குறிப்பிடப்பட்டிருக்கிறதா? "கவனத்திற் கொள்ளப்படும்" என்று மட்டும் வந்தால் ஒரு வாரத்துக்குள் "எப்போது, யாரால்" என்று இரண்டு வரிக் கடிதம் போடுங்கள். நல்ல மாற்றம் நடந்தால் அதற்கும் நன்றிக் கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதம் கோப்பில் ஏறும், அடுத்த அதிகாரி வந்து பழைய முறைக்குத் திரும்பப் பார்த்தால் காட்டுவதற்கு உதவும்.

விசாரணைக்குக் கொழும்புக்கு அழைத்தால், அழைப்புக்குப் பதில் எழுதும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். அன்று காலையில் கேட்டால் திகதி தள்ளிப்போகும், இரவு ரயிலில் போன செலவும் வீணாகும். மூலப்பிரதிகளைக் கொண்டுபோங்கள், ஆனால் பிரதிகளை மட்டும் ஒப்படையுங்கள். நீங்கள் சொன்னதை எழுதிக் கையொப்பம் கேட்டால், தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே வையுங்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் இடுங்கள்.